கறுப்பு சிங்க் என் தேர்வு

இந்த முறை சமையலறை சிங்கை நான்தான் தேர்ந்தெடுப்பேன் என்று சபதம் எடுத்தேன். கல்யாணமாகி இருபத்தெட்டு வருடம். வீட்டுக்கு அடித்த பெயின்ட் என் மனைவி நொரீன் சொன்னது. வாங்கிய கார் நொரீன் சொன்னது. நாய்க்குப் பெயர் வைத்தவளும் அவளே. அதனாலோ என்னவோ, நாயும் என்னை மதிப்பதில்லை.

சபதத்துக்குள் சுயநலம் இருந்தது. எங்கள் வீட்டில் பாத்திரம் அவள் கழுவுவாள், சிங்க் நான் தேய்ப்பேன். பகலெல்லாம் பள்ளிக்கூட பஸ் ஓட்டிவிட்டு, ராத்திரி டிவியில் ஃபுட்டி மேட்ச் பார்க்க உட்கார்ந்தால், அந்தப் பழைய வெள்ளை சிங்க் கூப்பிடும். பீங்கான் பூச்சு பெயர்ந்து, அதில் பீட்ரூட் சாறு ஊறி, எத்தனை தேய்த்தாலும் கொலை நடந்த இடம் மாதிரியே இருக்கும். நான் தேய்த்து முடிப்பதற்குள் ஆட்டத்தின் நான்கு குவார்ட்டரில் மூன்றாவதும் முடிந்துவிடும்.

கடைக்காரர் மூன்று துண்டுகளைச் சாம்பிளாகக் கொடுத்தார். வெள்ளைப் பீங்கான், ஸ்டீல், கல்பொடியை வார்த்துச் செய்த கறுப்பு.

"கறுப்பு எடுத்துக்கோ கிளெம். கறை ஒட்டாது, கீறல் விழாது. முப்பது வருஷம் உழைக்கும்" என்றார்.

யார் எதைச் சொன்னாலும் அப்படியே நம்பும் ஆள் நான் இல்லை. பரிசோதனை செய்தேன். மூன்று துண்டுகளையும் வராந்தா மேசையில் வைத்து, ஆட்டுக்கறிக் கொழுப்பு, டீத்தூள், பீட்ரூட் சாறு எல்லாவற்றையும் ஊற்றி ஒரு நாள் காயவிட்டேன். பிறகு வராந்தா ஓரத்து மழைத்தண்ணீர் டாங்க்கிலிருந்து பிடித்துக் கழுவினேன். கறுப்பு பளபளத்தது. அதில் முகம் பார்த்து மீசையைக்கூட ஒதுக்கிக்கொண்டேன்.

நொரீன் கதவோரம் நின்று பார்த்தாள்.

"தண்ணி போதுமா கிளெம்? இன்னொரு வாளி பிடிச்சுட்டு வரட்டுமா?"

கேட்டதோடு நிற்காமல் பிடித்துக்கொண்டும் வந்தாள். என் விஞ்ஞானத்தை மதிக்கிறாளே என்று நெஞ்சு விரிந்தது.

"கறுப்புதான் நொரீன். முடிவு பண்ணிட்டேன்."

"உன் இஷ்டம். ஆனா ஒண்ணு. நீ பார்த்து எடுத்தது, அதை நீதான் சுத்தமா வெச்சுக்கணும். நான் தொடமாட்டேன்."

"தொடவே வேண்டாம்! அது தானாவே சுத்தமா இருக்கும்!"

"அப்போ கையக் குடு" என்றாள். கையைக் கொடுத்தேன்.

சிங்க் வந்தது. பிளம்பர் பொருத்தினார். முதல் நாள் ராத்திரி மேட்சின் நான்கு குவார்ட்டரும் முழுசாகப் பார்த்தேன். மறுநாள் காலை சமையலறைக்குப் போனவன் வாசலிலேயே நின்றுவிட்டேன். கறுப்பு சிங்க் சாம்பல் நிறமாக இருந்தது. குழாயடியில் வெள்ளை வெள்ளையாகத் திட்டு.

"நொரீன்! சிங்குக்கு என்ன ஆச்சு?"

"சுண்ணாம்பு. சமையலறைக் குழாய்ல வர்றது போர் தண்ணி இல்லையா?"

எங்கள் ஊர் நிற்பதே சுண்ணாம்புப் பாறை மேல்தான். மாதம் ஒரு முறை கெட்டிலுக்குள் படியும் சுண்ணாம்பைச் சுரண்டுபவனே நான்தான். பரிசோதனை மட்டும் மழைத்தண்ணீரில் செய்திருக்கிறேன்!

"தெரிஞ்சுமா வாளி வாளியா மழைத்தண்ணி கொண்டுவந்து கொடுத்தே?"

"நீ பரிசோதனை பண்ணிட்டிருந்தே. நான் உதவி பண்ணினேன்."

திட்டுப் பிடிக்காமலிருக்க ஒரே வழி, தண்ணீர் பட்ட உடனே துணியால் ஒற்றி எடுப்பது. அதற்கு அவள் பாத்திரம் கழுவும்போது நானும் பக்கத்தில் நிற்க வேண்டும். இரண்டாம் நாளே நொரீன் சொன்னாள்:

"கையில துணியோட சும்மாதானே நிக்கிறே? இந்தத் தட்டையும் துடைச்சு வெச்சுடேன்."

தட்டு வந்தது. பின்னாலேயே கரண்டி வந்தது. ஒரு வாரத்தில் வாணலியும் வந்து சேர்ந்தது.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்த அரைமணி நேரம் எனக்குப் பிடித்துப்போனது. எதிர்வீட்டுக்காரர் புது வேலியைத் தன் பக்கமே சாய்த்துக் கட்டிய கதையை அவள் சொன்னபோது, சிரித்து ஒரு கோப்பையையே உடைத்தேன். இத்தனை வருடம் இதையெல்லாம் தவறவிட்டு ஃபுட்டி பார்த்திருக்கிறேன். ஆனாலும் நான் ஒரு ஆண்பிள்ளை. டிவி முன்னால் இருக்கும் என் நாற்காலியை மீட்க வேண்டாமா?

இதற்கிடையில் ஊர் மாதர் சங்கச் செயலாளர் ஏவிஸ் ப்ராட் டீ குடிக்க வந்தாள். சிங்கைப் பார்த்து அசந்துவிட்டாள்.

"நொரீன், உங்க வீட்லயும் போர் தண்ணிதானே? ஒரு பொட்டு வெள்ளை இல்லையே!"

"எல்லாம் கிளெம் கைவண்ணம்."

இரண்டு பேரும் என்னை மேலும் கீழும் பார்த்தார்கள். சந்தையில் ஆடு வாங்க வருகிறவர்கள் அப்படிப் பார்ப்பதை நான் கண்டிருக்கிறேன்.

அன்று சாயங்காலமே சரணடைந்தேன்.

"தோத்துட்டேன் நொரீன். இதைக் கழட்டிடலாம். எனக்கு ஸ்டீல்தான் வேணும்."

"நல்லா யோசிச்சியா? அப்புறம் மாத்திப் பேசக் கூடாது."

"மாத்தமாட்டேன். நிஜமா ஸ்டீல்தான்."

"அப்பாடா! உன்னைக் கேக்காம ஏவிஸ்கிட்ட ஒத்துக்கிட்டேனேன்னு கவலைப்பட்டுட்டிருந்தேன்" என்று ஒரு காகிதத்தை எடுத்து ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டினாள். "சனிக்கிழமை ஊர் ஹால்ல நூத்தி இருபது பேருக்கு மதியச் சாப்பாடு. பாத்திரம் கழுவுற பட்டியல்ல ஏவிஸ் உன் பேரை மட்டும்தான் போட்டிருக்கா. அங்கே ரெண்டு சிங்க், ரெண்டுமே ஸ்டீல்."