பரணி நகரின் முதல் குடித்தனக்காரர்

"அண்ணாச்சி, மம்பட்டி எதுலயோ இடிக்கி. பைய வந்து பாருங்க" என்று குழிக்குள்ளிருந்து குரல் கொடுத்தான் கண்ணன்.

முகம்மது மைதீன் எட்டிப் பார்த்தார். ஆள் உட்காருகிற அகலத்தில் ஒரு பானை. முதுமக்கள் தாழியேதான்! சந்தோஷத்தில் துள்ளப்போனவர், அப்படியே குழி ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார்.

சங்கதி இதுதான். தாமிரபரணிக் கரையில் வயலை மனை போட்டு நேற்று முளைத்ததுதான் பரணி நகர். ஆனாலும் அதற்கொரு வரலாற்றுக் குழு உண்டு. தலைவர் பக்கத்து வீட்டு ஸ்வாமிநாதன், பொருளாளர் அதற்கடுத்த வீட்டு கிரீஷ், செயலாளர் துபாயிலிருந்து திரும்பிய நம் மைதீன். "மூவாயிரம் வருசத்துக்கு முன்னாலயே இங்கன ஆள் இருந்திருக்கு வே! தோண்டுனாத் தெரியும்" என்று டீக்கடையில் அவர் மேசையைத் தட்டாத நாளில்லை. இப்போது தோண்டியாயிற்று, தெரிந்தும்விட்டது. ஆனால் தோண்டியது கக்கூஸ் தொட்டிக்கு.

வெள்ளிக்கிழமை மகள் தஸ்மியா தலைப்பிரசவத்துக்கு வருகிறாள். மாடிப்படி ஏறவே கூடாது என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். இருக்கிற ஒரே கக்கூஸோ மாடியில். தாழி விஷயம் வெளியே தெரிந்தால் அதிகாரிகள் குழியைச் சுற்றிக் கயிறு கட்டிவிடுவார்கள். அப்புறம் பேரப்பிள்ளை பள்ளிக்கூடம் போகிற காலத்தில்தான் கீழே கக்கூஸ் வரும். பாவம், மைதீனுக்கு வரலாறே கசந்துவிட்டது.

"ஏலே, மூச்சு விடாத. தூக்கி வெளிய வை."

மனைவி ஜமீலா பீவி கேட்டதற்கு, "செடி வைக்க வாங்குனேன்" என்றார்.

அன்று சாயங்காலம் அவர் வீட்டு முற்றத்தில்தான் குழுக் கூட்டம். பேராசிரியை மாதுரி, 'இவ்வூரின் ஆதி மக்கள்' பற்றிப் பேச வருகிறார். அவரை அழைத்துவர ரயிலடிக்குப் போன மைதீன், திரும்பி வந்து பார்த்தால் பந்தலின் முன்னால் பளபளவென்று தாழி. உள்ளே மோர்.

"அடியே! இதுலயா மோர் ஊத்துன?"

"பானையில மோர் ஊத்தாம மண்ணெண்ணெயா ஊத்துவாங்க?" என்றாள் ஜமீலா.

"ஆகா, என்ன மண்வாசனை!" என்று மாதுரி இரண்டாவது தம்ளரும் வாங்கினார்.

தன்னிடம் நீட்டிய தம்ளரை மைதீன் தள்ளிவிட்டார். "எனக்கு சுன்னத்து நோன்பு."

"அப்போ காலையில இடியாப்பம் முழுங்குனது யாராம்?"

ஸ்வாமிநாதன் பானையைப் பார்த்ததும் நாற்காலியைப் பின்னுக்கு இழுத்தார். "நேக்குச் சளி." கிரீஷ், "எனக்குச் சர்க்கரை" என்றார். மோரில் ஏது சர்க்கரை? இரண்டு பேரும் கண்டுபிடித்துவிட்டார்கள் என்றே மைதீன் நினைத்தார்.

பேராசிரியை கண்ணில் படாமல் மறைக்க, அவருக்கென்று வாங்கிய பொன்னாடையைப் பானைமேல் போட்டார். கூட்டம் கைதட்டிவிட்டது.

"பானைக்கே பொன்னாடையா!" என்று சிரித்தபடி மாதுரி எழுந்து வந்தார். துணியை விலக்கினார். கண்ணாடியை மாட்டினார். விரலால் தட்டிப் பார்த்தார். சிரிப்பு போய்விட்டது.

"சார், இது எங்க கிடைச்சது?"

"உவரி போற வழியில... ஒரு கடையில..."

"இது கடையில விக்கிற பானை இல்ல சார். கிடைச்ச இடத்தச் சொல்லுங்க. உடனே கயிறு கட்டணும்."

மைதீனுக்கு மகளின் வீங்கிய கால்கள் கண்முன் வந்தன. அழுகையே வந்துவிட்டது. "நான் சொல்லிருதேம்மா" என்று வாயெடுத்தார்.

"கூட்டம் முடிஞ்சுது, எல்லாரும் கிளம்பலாம்!" என்று திடீரென்று எழுந்து கத்தினார் ஸ்வாமிநாதன். கூட்டம் இன்னும் ஆரம்பிக்கவே இல்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் அவர் மனைவி சீதாலக்ஷ்மி உள்ளே வந்தாள். பானையைக் கண்டதும் அவள் முகம் மலர்ந்தது.

"ஏன்னா, கிரீஷாத்துல தோண்டறச்சே கிடைச்சு, அவா ராவோட ராவா நம்மாத்துல கொண்டுவந்து புதைச்சு, நாம வீடு கட்டறச்சே பாய் துபாய்ல இருக்கார்னு இவாத்துல புதைச்சோமே, அந்தப் பானைதானே இது?"