மாமனாரோடு பார்த்த மேட்னி

புது மாப்பிள்ளை தன் மாமனாரைப் படத்துக்குக் கூட்டிப் போவதென்றால், முதலில் கதையை விசாரித்துக்கொள்வது நல்லது. நான் விசாரிக்கவில்லை. கறுப்பு வெள்ளைப் படம், கண்ணியமாகத்தான் இருக்கும் என்று நம்பினேன். (அப்போது எனக்கு இருபத்தாறு வயது. வயது வந்த அளவுக்கு மூளை வரவில்லை.)

திருப்பூர் தியேட்டர்களில் பழைய படங்களையும் ஓட்டிக்கொண்டிருந்த இரண்டாயிரங்களின் தொடக்கம். நான் பனியன் கம்பெனியில் வெளிநாட்டு ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர். கல்யாணமாகி ஒரு மாதம். கொமரலிங்கத்திலிருந்து மாமனாரும் மாமியாரும் முதல்முறையாக எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமையும் கம்பெனிக்கு ஓடிவிட்டு, நேராகத் தியேட்டர் வாசலில் அவர்களோடும் என் மனைவி கவிதாவோடும் சேர்ந்துகொண்டேன்.

மனைவியிடம் ஆபீசில் வேலை என்று புளுகிவிட்டு இன்னொருத்தியின் பின்னால் சுற்றும் கணவனின் கதை. அருமையான படம். அவன் விட்ட ஒவ்வொரு புளுகுக்கும் தொடையைத் தட்டிச் சிரித்தேன். எங்கள் வரிசையில் வேறு யாரும் சிரிக்கவில்லை என்பது இடைவேளையில்தான் தெரிந்தது.

"ஏனுங்க மாப்ள, கட்டுனவள ஏமாத்தறான். அதுக்குப் போயி இத்தன சிரிப்புங்களா?" என்றார் மாமனார்.

சமாளிக்க நினைத்தேன். "அட, எங்க கம்பெனியிலயும் எல்லாரும் இப்படித்தானுங்க மாமா!"

அவர் வாய்க்குப் போன முறுக்கு பாதி வழியில் நின்றது.

இனிமேல் சிரிப்பதே இல்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். அந்தப் பாவி துணி பீரோவுக்குள் ஒளிந்தான். மனைவிக்காரி பீரோவைப் பூட்டிவிட்டு, சாவியோடு கோயிலுக்குக் கிளம்பிவிட்டாள். என்னால் முடியவில்லை. பாக்கெட்டிலிருந்து கர்சீப்பை உருவி வாயைப் பொத்திக்கொண்டேன்.

திரை வெளிச்சத்தில் பார்த்தால், கர்சீப் இல்லை. ரோஸ் கலரில், ஓரமெல்லாம் லேஸ் வைத்த பெண்கள் ஜட்டி.

மாமனார் பார்த்துவிட்டார். மாமியார் "முருகா!" என்றார். கவிதா வெடுக்கென்று பிடுங்கினாள். (என் குடும்ப வாழ்க்கை ஒரு மாதத்தோடு முடிந்தது என்றே நினைத்தேன்.) அவளோ அதைக் கண்ணருகே வைத்துப் புரட்டினாள்.

"அப்பா, கம்பெனி சாம்பிளுங்க! அட்ட தொங்குது பாருங்க."

காலையில், எங்களிடம் சரக்கு வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனிக்கு அனுப்ப எடுத்தது. போன் வந்த அவசரத்தில் பாக்கெட்டில் திணித்திருக்கிறேன்.

மாமனார் அந்த அட்டையைத் தடவிப் பார்த்தார். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தார் பாருங்கள்! "பெரியவரே, வசனம் கேக்க மாட்டீங்குதுங்க" என்று பின்வரிசைக்காரர் கெஞ்ச வேண்டியதாயிற்று. மிச்சப் படத்தை நாங்கள் நான்கு பேரும் கண்ணில் நீர் வரச் சிரித்தபடியே பார்த்தோம்.

இன்றைக்கும் தீபாவளிக்கு எனக்கு வரும் வேட்டி சட்டையின் மேல் ஒரு டஜன் வெள்ளைக் கர்சீப் இருக்கும். சொந்தபந்தமெல்லாம் கூடியிருக்கும்போதுதான் மாமனார் அதை நீட்டுவார்.

"வெளிய போறப்ப எடுத்துக்குங்க மாப்ள. ஒருக்கா விரிச்சுப் பார்த்துட்டு எடுத்துக்குங்க."