கோடை விடுமுறையில் கல்லூரி பார்ப்பவர்

மாம்பழமும் கல்லூரி பார்க்கும் தகப்பனாரும் நம் ஊரில் ஒரே பருவத்தில்தான் வருகிறார்கள். மாம்பழத்தை முகர்ந்துதான் தரம் பார்க்க வேண்டும். இவரை அடையாளம் காண அந்தச் சிரமம் இல்லை. உச்சி வெயிலில், பூட்டிய கேட்டுக்கு வெளியே, இடுப்பில் கை வைத்துக்கொண்டு, மூன்று மாடிக் கட்டடத்தை மேலிருந்து கீழாகப் பார்த்து "ம்ம்" என்று ஒருவர் இழுத்தால், அவர்தான். அவருக்குப் பின்னால் மனைவி. மனைவிக்கும் பின்னால், படிக்கப் போகிற பிள்ளை. அந்த வரிசையைக் கொஞ்சம் கவனியுங்கள்.

ஆலங்குடி ஆத்மநாதன் இந்த இனத்தில் முதல் தரம். கத்தாரில் சேஃப்டி ஆபீசர். ஒரு மாத லீவில் வந்திருந்தார். மகள் பிரகதாவுக்குப் புதுக்கோட்டையில் ஒரு கல்லூரியில், அவள் ஆசைப்பட்ட புள்ளியியலிலேயே இடம் கிடைத்திருந்தது. சனிக்கிழமைக்குள் போய்ச் சேர வேண்டும். தவறினால் அந்த இடம் அடுத்த பிள்ளைக்குப் போய்விடும். வேறு யாராவது என்றால் அன்றைக்கே போய்ச் சேர்த்துவிட்டு, வரும் வழியில் ஜூஸ் குடித்திருப்பார்கள். ஆத்மநாதன் நேரில் பார்க்காமல் சேர்ப்பாரா? தான் தங்கியிருக்கும் கேம்ப் அறையிலேயே குறை கண்டுபிடித்து மேலிடத்துக்கு மெயில் போடுகிற மனிதர் அவர்.

திங்கட்கிழமை, மனைவி செவந்தியும் மகளும் பின்தொடர, அந்தக் கல்லூரியில் போய் இறங்கினார். ஆபீஸ் அறையைத் தவிர எல்லாம் பூட்டியிருந்தது.

"பிள்ளைக ஒண்ணையும் காணோமே?" என்றார் வாட்ச்மேன் முனியசாமியிடம்.

"லீவுங்க சார்."

"வாத்தியாருங்க?"

"அவங்களுக்கும் லீவுதாங்க."

"இப்புடி இருந்தா எப்படிய்யா பாடம் நடக்கும்?"

முனியசாமி யோசித்தார். "லீவு முடிஞ்சதும் நடக்குங்க" என்றார்.

ஆத்மநாதனுக்குத் திருப்தியில்லை. குழாயைத் திறந்தார், காற்று வந்தது. கழிவறைத் தாழ்ப்பாளை நாலு முறை போட்டுப் போட்டு எடுத்தார். தீயணைப்பு வாளிக்குள் கையை விட்டார். மணலுக்குப் பதில் பூனைக்குட்டி இருந்தது, பிறாண்டியது. யார் பாடம் எடுக்கிறார்கள், எப்படி எடுக்கிறார்கள், ஆலங்குடியிலிருந்து காலையில் பஸ் உண்டா என்று ஒரு வார்த்தை? மூச்! கிளம்பும்போது மட்டும், பெண் பார்க்க வந்த வீட்டில் சொல்வது போல, "வீட்டுல கலந்துக்கிட்டுச் சொல்லி அனுப்புறோம்" என்றார். கேசரியும் பஜ்ஜியும்தான் குறை.

அடுத்துப் பார்த்த கல்லூரியில் சுவர் குட்டை; எவனும் ஏறிக் குதிப்பான். அதற்கடுத்ததில் சுவர் உயரம். பிள்ளைக்கு ஜெயில் மாதிரி இருக்கும். இப்படியே வாரம் ஓடியது. "அப்பா, சனிக்கெழமதான் கடைசி நாளு" என்று பிரகதா தினமும் சொன்னாள். அவரும் தினமும் தலையை ஆட்டினார்.

சனிக்கிழமை காலையில் குடுமியான்மலை போகிற சாலையில் ஒரு கல்லூரி வாசலைக் கண்டதும் காரை ஓரங்கட்டினார். உள்ளேயும் வெளியேயும் ஜனம். எல்லார் கையிலும் புத்தகம். யாரும் சிரிக்கவில்லை, யார் கையிலும் செல்போன் இல்லை. கேட்டில் போலீஸ்காரர் இருவர் வேறு.

"பாத்தியா செவந்தி! லீவுலயும் நடத்துறாம்பாரு! போலீஸ் பந்தோபஸ்தோட!"

"அப்பா, இவங்கள்லாம் வந்து..."

"நீ செத்த சும்மா இரு ஆத்தா."

வரிசையில் முன்வழுக்கையோடு சிலர் நின்றார்கள். மேல்படிப்பு போலிருக்கிறது என்று அவர் மேலும் பூரித்தார். கைக்குழந்தையைப் புருஷனிடம் கொடுத்துவிட்டு அவசர அவசரமாகப் பக்கம் புரட்டிக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம் போனார்.

"என்னம்மா படிக்கிறீங்க?"

"எம்.எஸ்சி., பி.எட். முடிச்சிருக்கேங்க."

"முடிச்ச பிறகும் விட்டுப் போக மனசு வரல பாத்தியா! அதான் காலேஜு!"

அந்தப் பெண் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "அண்ணே, இது பரீட்சை சென்டரு. கவர்மென்ட் வேலைக்கு எழுத வந்திருக்கோம். நாங்க இங்கிட்டுப் படிக்கிறவங்க இல்ல." பிறகு பிரகதாவிடம், "ஒனக்கு எங்கம்மா எடம் கெடச்சிருக்கு?" என்றாள். பிரகதா சொன்னாள். "அட, நான் படிச்ச காலேஜு! கணக்கெல்லாம் நல்லாச் சொல்லிக்குடுப்பாங்க. இன்னைக்கித்தானே கடைசி நாளு? இங்கன ஏம்மா நிக்கிற?"

வேறு ஒருவராக இருந்தால் நாக்கைக் கடித்திருப்பார். ஆத்மநாதன் கேட்டுப் பக்கம் திரும்பி, "இத்தன பேரு உள்ள போறாங்க, தீப்பிடிச்சா வெளிய வர வழி எங்க சார் இருக்கு?" என்று போலீஸ்காரரிடம் ஆரம்பித்தார்.

செவந்தி புருஷனைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள். "நீங்க நெதானமாப் பாத்துட்டு வாங்க" என்று சொல்லிவிட்டு, அந்தப் பக்கம் வந்த புதுக்கோட்டை பஸ்ஸைக் கை காட்டி நிறுத்தினாள். இருவரும் ஏறிவிட்டார்கள்.

அவருக்கு அது தெரியவே வெகுநேரம் ஆயிற்று. தெரிவதற்குள் போன் வந்தது.

"சேத்தாச்சுங்க."

"நான் இன்னும் முடிவே சொல்லலயே?"

"சொல்லும்போது சொல்லுங்க. வரும்போது இட்லி மாவு வாங்கிட்டு வாங்க."

லீவு முடிந்து கத்தார் திரும்பிய ஆத்மநாதன், கூட வேலை செய்யும் தமிழ்செல்வனிடம் சொன்னார்: "ஒரு காலேஜ் விடல. நேர்ல போயி, சல்லடை போட்டுச் சலிச்சு, நாந்தான் சேத்துவிட்டேன்."

"என்ன படிக்கிது அண்ணே பாப்பா?"

"அது... ஏதோ கணக்கு மாதிரிய்யா. செவந்திக்கிட்டக் கேட்டுச் சொல்றேன்."

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், நல்லதுதான். அப்படியே ஒரு சின்னக் கேள்வி: உங்கள் பிள்ளைக்கு என்ன படிக்க ஆசை? அடுக்களைப் பக்கம் திரும்பாமல் சொல்லுங்கள், பார்ப்போம்.