தலைகீழாகப் பறக்கும் விமானமும் ஒரு வெள்ளைச் சட்டையும்

சரிபார்த்த செய்தியையன்றி வேறெதையும் எழுதுவதில்லை என்பது என் வழக்கம். இதை உயர்குணமென்று எவரும் கருத வேண்டா. ஒரே ஒருமுறை சரிபாராத செய்தியொன்றைச் சபையில் சொன்னேன். அது இராயபுரத்தில் ஒருவருடைய வெள்ளைச் சட்டையின்மேல் போய் விழுந்தது. ஆதலின் கீழே வருவன யாவும் நான் நேரில் கண்டவை, அல்லது என் தம்பியிடம் கேட்டு உறுதிசெய்துகொண்டவை.

எழுபதுகளின் தொடக்கம். நான் திருவொற்றியூரில் தமிழாசிரியன். தம்பி சவரி இங்கிலாந்தில் பொறியியல் பயின்றான். அவனுடைய கல்லூரியில் ஆசிரியரும் மாணவரும் கூடி, வானில் கரணமடிப்பதற்கென்றே ஒரு விமானத்தை வடிவமைத்துவந்தார்கள். விடுமுறைக்கு வந்தவன் மாதா கோயில் வாசலில் ஸ்டெல்லாவைப் பார்த்துவிட்டான். அந்தப் பெண் இல்லையென்றால் வேறு பெண்ணே வேண்டாம் என்று என்னிடம் மட்டும் சொன்னான். சபையில் அவனுக்கு வாய் திறவாது. ஆகவே இராயபுரத்தில் பெண் பார்க்கப் போன இடத்தில் பேசும் பொறுப்பு என்னுடையதாயிற்று.

எங்கள் சித்தி முன்னரே களம் அமைத்திருந்தாள். “லண்டன்ல ஏரோப்ளேன் கம்பெனி. நம்ம புள்ள இல்லன்னா அங்க ஒண்ணும் நடக்காது.”

பெண் பார்க்கும் இடத்தில் இவ்வளவு மிகை எவருக்கும் உறுத்தாது. எனக்கு உறுத்தியது.

“கம்பெனியன்று, கல்லூரி” என்று திருத்தினேன். (அந்நாளில் பால்காரரிடமும் நான் இப்படித்தான் பேசுவேன்.)

காசிமேட்டில் படகு கட்டும் தாய்மாமன் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். “மொத்தம் எத்தினி பிளேனு வாத்தியாரே?”

“ஒன்று.”

“மாசத்துக்கா?”

“மொத்தமே ஒன்று.”

“சர்தான். அது இப்ப எங்க பறந்துகினு கீது?”

“இன்னும் பறக்கவில்லை. ஆண்டுக்கணக்காக வரைந்துகொண்டிருக்கிறார்கள்.”

சித்தி என் தொடையைக் கிள்ளினாள்.

“மாப்ள இன்னா வரைஞ்சாரு?”

“வால். அதிலும் ஒரு பகுதி.”

மாமன் பெண்ணின் தந்தையிடம் திரும்பினார். “இன்னா மச்சான் இது? ஒரு மழைக்கும் அடுத்த மழைக்கும் நடுவுல நானு ரெண்டு படகு கட்டி கடல்ல எறக்கிடுவேன். இவுங்க அத்தினி பேரு கூடிக்கினு ஒரு வாலு!” பிறகு என்னிடம், “அது எந்த ஊருக்குப் போவும்?”

“எங்கும் போகாது. புறப்பட்ட இடத்துக்கு மேலேயே கரணமடித்து, தலைகீழாகப் பறந்து, அங்கேயே இறங்கும்.”

பெண்ணின் தந்தை துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர். மேலே தூக்கியது எதுவும் தலைகீழாகிவிடக் கூடாது என்பதே அவர் தொழில். “தலைகீழா எதுக்குங்க பறக்கணும்?” என்றார், இழவு விசாரிக்கும் குரலில்.

சம்பந்தம் கைநழுவுவது எனக்கே தெரிந்தது. பதறிப்போய் விளக்கத் தொடங்கினேன். பயணிகள் விமானத்தின் இறக்கை மேற்புறம் மிகுதியாகப் புடைத்திருக்கும். இதற்கோ இருபுறமும் ஒரே புடைப்பு. ஆகவே எப்படிப் புரட்டினாலும் அது ஒன்றுபோலவே தாங்கும். இது சரிபார்த்த செய்தி. இங்கே நிறுத்தியிருக்கலாம்.

உள்வாசலிலிருந்து ஸ்டெல்லாவின் குரல் வந்தது. “தலைகீழா போனா டாங்கில பெட்ரோலு மேல போயிடுமே. இன்ஜின் நின்னுடாதா?”

எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லும் பழக்கமும் அந்நாளில் எனக்கில்லை. “வேகம் இருந்தால் எதுவும் சிந்தாது” என்றபடி, காப்பி நிறைந்த டம்ளரோடு கையை வட்டமாகச் சுழற்றினேன். வட்டத்தின் உச்சியில், தாழத் தொங்கிய பல்பில் கை இடித்தது. வேகம் நின்றது, காப்பி நிற்கவில்லை.

“ஐயோ, நைனா!” என்று ஸ்டெல்லா தந்தையிடம் ஓடிவந்தாள்.

“பிளேனு எறங்கிடுச்சு மச்சான்” என்றார் மாமன்.

அப்போதுதான் சவரி வாய் திறந்தான். “அண்ணன் சொன்னது தப்பு.” அன்று அவன் பேசிய முதல் வாக்கியம் இதுவே. ஸ்டெல்லாவைப் பார்த்துத் தொடர்ந்தான். “வட்டம் அடிக்கிறப்போதான் சிந்தாது. தலைகீழாவே நேராப் பறந்தா, நீங்க சொன்ன மாதிரி பெட்ரோல் மேல போயிடும். அதனால டாங்கிக்குள்ள வளையிற குழாய் ஒண்ணு விட்டு, நுனியில எடை கட்டுவாங்க. பெட்ரோல் எந்தப் பக்கம் விழுதோ, குழாயும் அந்தப் பக்கம் விழும்.”

“தூண்டில்ல ஈயக்குண்டு கட்ற மாதிரியா?”

“அதேதான்!”

வெள்ளைச் சட்டையைத் துடைத்துக்கொண்டிருந்த தந்தை கையை நிறுத்தினார். “அப்போ இன்ஜின் ஆயிலு?”

சவரி தரையில் அமர்ந்து, கொட்டிய காப்பியிலேயே விரலைத் தொட்டுப் படம் வரைந்தான். மாமன் குனிந்தார், தந்தை குனிந்தார், ஸ்டெல்லா குனிந்து, “இங்க அடைச்சுக்கினா?” என்று ஒரு கோட்டைக் காட்டினாள். சித்தியும் நானுமே நிமிர்ந்து உட்கார்ந்திருந்தோம்.

திருமணம் நடந்தது. இன்றும் அவ்வீட்டில் எனக்குக் காப்பி அரை டம்ளர்தான். அது என் கைக்கு வந்ததும் பிள்ளைகள் எல்லாரும் அண்ணாந்து பல்பைப் பார்ப்பார்கள்.

விமானம் பின்னர் பறந்தது; தலைகீழாகவும் பறந்தது; சவரி தரையில் நின்று பார்த்தான். அவன் வரைந்த வாற்பகுதி மாற்றமின்றி அதில் இடம்பெற்றதா என்பது அவனுக்கே தெரியாது. ஸ்டெல்லா இசைந்தது குழாயின் விளக்கத்தாலா, என்மேல் கொண்ட இரக்கத்தாலா என்பது எனக்குத் தெரியாது. கேட்டிருக்கிறேன். “சரிபாத்து சொல்றேன் மாமா” என்றாள். இன்னும் சொல்லவில்லை.