செய்தால் பெரிதாகச் செய்வோம்

ஒரு நல்ல காரியத்தைக் கழுத்தைத் திருகிக் கொல்கிறவனை ஊர் திட்டும். அதையே கட்டித் தழுவி மூச்சு முட்டவைத்துக் கொல்கிறவனுக்கு ஊர் மாலை போடும். மாலை வாங்கும் இந்த இரண்டாவது இனத்தைச் சேர்ந்தவர்தான் 'பெரிதாகச் செய்வோம்' மனிதர். இவரைத் தேடி நீங்கள் அலைய வேண்டியதில்லை. நாலு பேர் கூடி, கையிலிருப்பதைக் கொண்டு சின்னதாக ஓர் உபகாரம் செய்யலாமா என்று எங்கே பேசுகிறார்களோ, அங்கே ஐந்தாவது ஆளாக அவர் ஏற்கெனவே உட்கார்ந்திருப்பார்.

பொதுக் கிணற்றுக்கு ஒரு வாளி வாங்கலாம் என்று சொல்லிப் பாருங்கள். "வாளி என்ன வாளி? பம்பு வைப்போம்!" என்பார். பம்புக்குச் சம்மதித்தால், "பம்பு எந்த மூலைக்கு? ஆற்றையே இந்தப் பக்கம் திருப்புவோம்!" என்பார். ஆற்றைத் திருப்புவதற்கு மகஜர் தயாராகிக்கொண்டிருக்கும்போது, கயிறு இற்று, இருந்த பழைய வாளியும் கிணற்றுக்குள் போய்விடும். அப்போதும் அவர் கைவிடமாட்டார். வாளிக்கு அனுதாபக் கூட்டம் நடத்தி அவரே தலைமை வகிப்பார்.

இவர் வேஷக்காரரா? அதுதான் இல்லை. ஏழைகளைப் பற்றிப் பேசும்போது இவர் கண்ணில் வரும் தண்ணீர் அசல் தண்ணீர். மனசு அவ்வளவு பெரிது. சின்னக் காரியம் எதுவும் அதற்குள் போய் நிற்க முடியாமல் வழுக்கி விழுந்துவிடுகிறது, அவ்வளவுதான்.

ஜனாப் பஷீரும் சுந்தரராஜுலுவும் அங்கத்தினர்களாக இருந்த முனிசிபல் சபை கோயமுத்தூருக்குக் கூப்பிடு தூரத்தில் இருந்தது. ஊரின் பெயர் வேண்டாம். சொன்னால் அந்த ஊர்க்காரர்கள் கோபிப்பார்கள். தங்கள் ஊரைச் சொல்லாமல் விட்டதற்காகப் பக்கத்து ஊர்க்காரர்களும் கோபிப்பார்கள். வருஷம் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தேழு. பஞ்சாலைகள் ஒவ்வொன்றாக முளைத்துக்கொண்டிருந்த காலம். ஆலைக்கு ஆள் வந்தது. ஆளுக்கு வீடு வேண்டியிருந்தது. சுந்தரராஜுலு இரக்கப்பட்டு, தோளோடு தோள் ஒட்டிய முப்பத்திரண்டு அறைகளை ஒரே வரிசையாகக் கட்டி வாடகைக்கு விட்டார். ஊரிலேயே பெரிய லைன் வீடு அதுதான். முப்பத்திரண்டு குடும்பத்துக்கும் ஒரு குழாய், ஒரு கக்கூஸ்.

ராமாத்தாள் அந்த லைனில் ஏழாம் நம்பர். ஆலையில் நூல் சுற்றும் வேலை. விடிகாலை ஆலைச் சங்கு ஊதுவதற்குள் தண்ணீர் பிடித்துவிட்டு ஓடினால் அன்றைக்கு வேலை உண்டு. குழாயடியில் இருபதாவது ஆளாக நின்றுவிட்டால் இல்லை. அந்த மாதத்தில் மூன்றாவது தடவையாக ஆலை வாசலில் திருப்பி அனுப்பப்பட்ட அன்று, நேரே சுந்தரராஜுலு வீட்டுக்கு வந்தாள்.

"ஏனுங்க மொதலாளி, இன்னமொரு தக்கம் லேட்டானா சீட்டைக் கிழிச்சுப்போடறேன்னு மேஸ்திரி சொல்லிப்போட்டானுங்க. இன்னம் ஒரே ஒரு கொழாய் போட்டுக் குடுத்தீங்கன்னா..."

சுந்தரராஜுலுவின் முகம் வாடிவிட்டது. "ஒரு கொழாயா? அது பிச்சை அம்மணி! ஊட்டுக்கு ஒரு கொழாய் போடோணும். அதுக்குப் பெரிய டேங்கு கட்டோணும். மெட்ராஸ் எஞ்சினீர் வந்து பிளான் போடோணும்."

"அவரு எப்பங்க வருவாரு?"

"சீமைக்குப் போயிருக்காரு."

"அவரு வர்ற வரைக்கும் ஒண்ணே ஒண்ணு போடுங்க மொதலாளி. வந்ததீம் புடுங்கிப்போடலாம்."

இப்படிக் குறுகிய புத்தியோடு இந்த ஜனங்கள் இருந்தால் தேசம் எப்படி முன்னேறும் என்று அவர் அன்று சாப்பிடும்போதுகூட வருந்தினார்.

சபையிலும் அவர் இதே மனிதர்தான். பள்ளிக் கடைசிப் பரீட்சை தேறிவிட்டு வேலையில்லாமல் தெருவை அளந்துகொண்டிருந்த வாலிபர்கள் ஒரு டஜன் பேருக்காக, இரண்டு பழைய டைப்ரைட்டிங் மிஷினும், மாலை வேளையில் முனிசிபல் பள்ளியில் ஓர் அறையும் கொடுக்கலாம் என்று பஷீர் ஒரு பிரேரணை கொண்டுவந்தார். பஷீருக்குத் தோல் மண்டி. தோலைப் போலவே மனிதரும் நன்றாக ஊறிப் பதப்பட்டவர். சுந்தரராஜுலு எழுந்து, அதை மனப்பூர்வமாக ஆதரித்தார். "ஆனால், இரண்டு மிஷினா? பன்னிரண்டு பேரா? ஜில்லா முழுவதற்கும் ஒரு மகத்தான கைத்தொழிற் கலாசாலை!" என்று திருத்தம் கொண்டுவந்தார். எல்லோரும் கை தூக்கினார்கள். உடனே, அதே மூச்சில், "இதைச் சர்க்கார் அபிப்பிராயத்துக்கு மெட்ராசுக்கு அனுப்ப வேண்டும்" என்றார். எல்லோரும் மறுபடி கை தூக்கிவிட்டுக் காபி சாப்பிடப் போனார்கள்.

அவருடைய திருத்தத்துக்குக் கை தூக்குவது அந்தச் சபையில் தும்மினவனை 'நூறு வயசு' என்று வாழ்த்துவது போல. யாரும் நூறு வருஷத்தை எண்ணிப் பார்ப்பதில்லை. எதுவானாலும் மெட்ராஸ் போய்விடும், போனது வராது.

அந்த வாலிபர்களுக்குத் தலைவன் தம்பிதுரை. அவனும் லைன் வீட்டுக்காரன்தான், ஒன்பதாம் நம்பர். "மெம்பர் நமக்குக் காலேஜே கட்டித் தர்றாரப்பா, டைப்ரைட்டிங்தான் கத்துக்க முடியாது" என்று சொல்லித் திரிந்தான்.

அடுத்த மாதம் பஷீர் வேறொன்று கொண்டுவந்தார். பத்து அறைக்கு மேல் வாடகைக்கு விடுகிற சொந்தக்காரர்கள் முனிசிபாலிட்டியில் லைசென்ஸ் எடுக்க வேண்டும். எட்டு அறைக்கு ஒரு குழாயும் ஒரு கக்கூசும் இல்லாவிட்டால் லைசென்ஸ் இல்லை. சபை முழுவதும் சுந்தரராஜுலுவைத் திரும்பிப் பார்த்தது. பார்வையாளர் பெஞ்சியில் ராமாத்தாளும் தம்பிதுரையும் உட்கார்ந்திருந்தார்கள்.

கோபப்படுவார் என்றுதானே நினைக்கிறீர்கள்? புன்சிரிப்போடு எழுந்தார். "மனப்பூர்வமாக ஆதரிக்கிறேன்! ஆனால், லைன் வீடு மட்டும்தானா? மாடியறையில் இருப்பவன் மனிதன் இல்லையா? இந்த நகரத்தில் ஒரே ஓர் அறையை வாடகைக்கு விட்டாலும் லைசென்ஸ் வேண்டும். ஒரு கூரையும் தப்பக்கூடாது! ஏழையின் கூரைக்கு மேலே சட்டம் என்னும் கூரை!"

கைதட்டல் கூரையைத் தொட்டது. அடுத்த வாக்கியம் மெட்ராஸ். அது நாக்கு நுனியில் இருந்தது. அந்த நேரம் பார்த்துப் பத்திரிகை நிருபர் பென்சிலைத் தூக்கினார்.

"ஏனுங்க, அந்தக் கூரை வாக்கியத்தை இன்னொருக்காச் சொல்லுங்க."

அழகான வாக்கியம். அச்சில் பிழையாக வந்தால் யாருக்கு நஷ்டம்? சுந்தரராஜுலு நிருபர் பக்கம் திரும்பி, நிறுத்தி நிறுத்தி, கமாவோடு சொல்லிக்கொடுத்தார். இந்தப் பக்கம் பஷீர் எழுந்து, "திருத்தத்தை ஏத்துக்கறனுங்க. ஓட்டுக்கு விடுங்க" என்றார். பழக்க தோஷத்தில் கைகள் எழுந்தன. சேர்மன் மணியை அடித்தார். சுந்தரராஜுலு திரும்பியபோது தீர்மானம் நிறைவேறி, மை காய்ந்துகொண்டிருந்தது. கை தூக்கினவர்களுக்குத் தங்கள் தங்கள் மாடிக் குடித்தனக்காரர் ஞாபகம் வந்ததும் அப்போதுதான்.

இருபது வருஷப் பொதுவாழ்வில் அவரை எல்லோரும் புகழ்ந்திருக்கிறார்கள். ஒருவரும் அவர் சொன்னபடி செய்ததில்லை.

"சேர்மன் அவர்களே, இது... மெட்ராசுக்கு..."

"ஓட்டு எடுத்தாச்சுங்களே. மணியும் அடிச்சாச்சு."

"அத்தனை ஊட்டையும் யாரு போய்ப் பாக்கறது? அதுக்கு ஒரு பட்டாளம் வேணுமே!"

"இருக்குதுங்களே" என்றார் பஷீர். "போன மாசம் மெம்பர் கண்ணீர் விட்டாரே, அந்த வாலிபர்கதான். லைசென்ஸ் கட்டணத்திலிருந்தே சம்பளம் குடுத்துப்போடலாமுங்க."

இனி எதை எதிர்ப்பது? லைசென்சும் அவர் பெற்ற பிள்ளை. வாலிபர்களும் அவர் பெற்ற பிள்ளை. இரண்டும் கைகோத்துக்கொண்டு அவர் வீட்டுக்கே விருந்துக்கு வருகின்றன. அப்போதுதான் அந்த அதிசயம் நடந்தது. சுந்தரராஜுலு வாழ்க்கையிலேயே முதல் தடவையாகச் சிறியதை வேண்டினார்.

"சரிங்க, சரிங்க. மொதல்ல ஒரு சின்ன ஊடாப் பாத்து... மெதுவா... சின்னதா ஆரம்பிக்கலாமே?"

"சின்னதாச் செஞ்சா மெம்பர் மனசு தாங்காதுங்களே!" என்றார் பஷீர். "ஊர்லயே பெரிய லைன் எதுவோ அதிலிருந்து ஆரம்பிக்கலாமுங்க."

பார்வையாளர் பெஞ்சியிலிருந்து, "வழி எனக்குத் தெரியுமுங்க!" என்றான் தம்பிதுரை. சபை சிரித்தது. ராமாத்தாள் மட்டும் சிரிக்கவில்லை. எட்டுக்கு ஒன்று வீதம் முப்பத்திரண்டுக்கு எத்தனை என்று விரல் விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாலு வந்தது. ஆடி பிறப்பதற்குள் நாலு குழாயும் நாலு கக்கூசும் ஆகிவிட்டன. திறப்பு விழாவுக்கு மாலை யாருக்கு? சந்தேகமென்ன, சுந்தரராஜுலுவுக்குத்தான். அவரும் தளரவில்லை. "நாலு குழாய் போதுமா? அறைக்கொரு குழாய்..." என்று ஆரம்பித்தார். அதற்குள் ராமாத்தாள் குடத்தை வைத்துத் திறந்துவிட்டாள். தண்ணீர்ச் சத்தத்தில் பேச்சு கேட்கவில்லை. சங்கு ஊதியபோது குழாயடியில் ஒருத்தியும் இல்லை. அவரும் மாலையும்தான் நின்றார்கள்.

சிரிக்கிறீர்கள். எனக்கு முப்பத்திரண்டு அறையும் இல்லை, எந்தச் சபையிலும் நாற்காலியும் இல்லை என்று தைரியமாகச் சிரிக்கிறீர்கள். நல்லது. போன வாரம் எதிர்வீட்டு அம்மாள் ஒரு காகிதத்தோடு வந்து, "பையன் வேலைக்கு ஒரு விண்ணப்பம் எழுதிக் கொடுங்க" என்று கேட்டாளே, அப்போது என்ன சொன்னீர்கள்? "இந்த மாதிரிப் பிள்ளைகளுக்கெல்லாம் ஒரு சங்கமே வைக்க வேண்டும் அம்மா!" என்று நெஞ்சு விம்மச் சொல்லி அனுப்பிவிட்டு, அன்று ராத்திரி நன்றாகத் தூங்கவும் செய்தீர்கள்.

அந்த அம்மாள் அதே காகிதத்தோடு நாளைக்கும் வருவாள். பேனாவில் மை இருக்கிறதா, பாருங்கள்.