எந்த அறையில் எனக்குச் சாப்பாடு?

மதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் எழுதிக்கொள்வது. என் முழங்காலைத் தவிர இங்கே எல்லாரும் நலம். உங்கள் நலத்தைக் கேட்கத் தேவையில்லை, நீங்கள் அச்சடித்து அனுப்பிய அட்டையிலேயே தெரிகிறது.

உங்கள் மகன் கல்யாண விருந்துக்கு இரண்டு அறை, ஒன்று முற்போக்காளருக்கு, மற்றது பழமைவாதிக்கு, ஒரு கட்டத்தில் மட்டும் டிக் செய்யவும், செய்யாதவருக்குச் சாப்பாடு இல்லை என்று போட்டிருக்கிறீர்கள். நிச்சயதார்த்தத்தில் அரசியல் பேசித் தட்டுகள் பறந்தது எனக்கும் தெரியும். முப்பது வருடம் தலைமையாசிரியராக இருந்தவருக்கு வகுப்பு பிரிக்காமல் தூக்கம் வராது என்பதும் தெரியும். நானும் பேனாவை எடுத்தேன். பதினொரு நாள் வேலைநிறுத்தத்தில் கம்பெனி வாசலில் உட்கார்ந்தவன், ஆகவே முற்போக்கு. ஆனால் லிஃப்ட் பழுதுபார்க்கப் போனால் மோட்டாரைத் தொடும்முன் சாமி கும்பிடுகிறவனும் நான்தான், சரி பழமை என்று பேனாவை நகர்த்தினேன், மகள் தனக்குப் பிடித்தவனைக் கட்டிக்கொண்டபோது சாட்சிக் கையெழுத்துப் போட்டது யார் என்று திரும்பி வந்தேன், அதை முன்னாடியே சொல்லவில்லை என்று ஒரு வாரம் அவளிடம் முகங்கொடுத்துப் பேசாமல் இருந்தது யார் என்று மறுபடி அந்தப் பக்கம் போனேன். கடைசியில் மை கொட்டியது.

போன வாரம் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் பழுதான லிஃப்டில் நானும் அங்கே குடியிருக்கும் உங்கள் சிநேகிதரான முற்போக்குப் பேச்சாளரும் அவருக்கு ஆகாத மூன்றாம் மாடிக்காரரும் முக்கால் மணி நேரம் மாட்டிக்கொண்டோம். பேச்சாளர் போனில் மனைவியிடம், "என்னைக் கேக்காம உன்னை யாரு வேலைக்கு மனு போடச் சொன்னா?" என்றார். ஊரே பழமைவாதி என்று ஒதுக்கும் மாடிக்காரர் என்னிடம், "வீட்டை ரெண்டு பொண்ணுங்க பேர்லயும் எழுதிட்டேன். பையன் கோவிச்சுக்கிட்டான். கோவிச்சுக்கட்டும்" என்றார். இவர்களை எந்த அறையில் உட்கார வைப்பீர்கள்?

நான் டிக் செய்ய மாட்டேன் மச்சான். இரண்டு அறைக்கும் நடுவாசலில் நாற்காலி போட்டு உட்காருவேன், முடிந்தால் தூக்கிப் பாருங்கள். உங்கள் தங்கையும் என்னோடுதான். அவளுக்குத் தனியாக ஒரு கருத்தும் கிடையாது, அதனால் அவள் அட்டையையும் காலியாகவே வைத்திருக்கிறேன். அவள் தூக்கி வளர்த்த பையனின் கல்யாணம் அது. அவளுக்குச் சாப்பாடு இல்லை என்றால் உங்களோடு எனக்குப் பேச்சும் இல்லை.

மணமக்கள் ஒருவரை ஒருவர் கட்டம் போட்டு அடைக்காமல் நீடூழி வாழட்டும்.

இப்படிக்கு,
எந்தக் கட்டத்திலும் அடங்காத உங்கள் மைத்துனன்

பின்குறிப்பு: உறையை ஒட்டும்முன் உங்கள் தங்கை கடிதத்தை வாங்கிப் படித்தாள். "எனக்குன்னு ஒரு கருத்தும் இல்லைன்னு எழுதியிருக்கீங்க. இருபத்தாறு வருஷத்துல ஒரு தடவையாவது கேட்டீங்களா?" என்றாள். தன் அட்டையில் தானே எதையோ எழுதித் தனி உறையில் ஒட்டிவிட்டாள், என்னவென்று சொல்ல மறுக்கிறாள். எனவே வாசலில் நாற்காலி வேண்டாம். அவள் எங்கே உட்காருகிறாளோ அவள் பக்கத்தில் போடுங்கள். அவளிடம் கேட்க வேண்டியது நிறைய இருக்கிறது.