அம்மாவுக்கு ஏற்ற ராட்சசி

ராட்சசன் செத்துவிட்டான். சாகட்டும், சாகத்தான் அவனை உண்டாக்கியது. ஆனால் அம்மாவின் முறை வருவதற்குள்ளேயே செத்துத் தொலைத்தானே, அதுதான் சின்னவளுக்குத் தலைவலி.

"முடிஞ்சுதா? அப்ப நான் போய் வேலையைப் பாக்கறேன்," என்று எதிரே உட்கார்ந்திருந்த அம்மா எழுந்தாள். அவள் கையில் இன்னும் உருட்டாத பகடை.

பல நாள் கெஞ்சி இன்றுதான் அம்மாவை ஆட்டத்துக்கு இழுத்து வந்திருந்தாள். அம்மா காய்கறிக்கடை வைத்திருப்பவள். அவள் விளையாடி யாரும் பார்த்ததில்லை. அவளை விளையாட யாரும் விட்டதுமில்லை. அந்த வீட்டின் முதல் பட்டதாரியான சின்னவளுக்கு இந்தக் கோபம் பட்டம் வாங்கிய பிறகும் ஆறவில்லை.

ஆட்டத்தை நடத்துவது அவள்தான். மற்றவர்கள் ஆளுக்கொரு வீரர். அவள் கதை சொல்லி அரக்கர்களை ஏவிவிடுவாள். இருபது முகப் பகடையை உருட்டிப் பத்துக்கு மேல் விழுந்தால் அடி பட்டது. இல்லாவிட்டால் குறி தப்பியது. சண்டை லேசாக இருந்தால் எல்லோருக்கும் கொட்டாவி வரும், பலமாக இருந்தால் எல்லோரும் செத்துப்போவார்கள். நடுவில் நூல் பிடித்தாற்போல் கொண்டுபோகத் தன்னை விட்டால் ஆள் கிடையாது என்று அவளுக்கு ஒரு நினைப்பு. பீரோவுக்கு முதுகைக் காட்டி நாற்காலியைப் போட்டு, மேசைமேல் அட்டைத் தடுப்பை நிறுத்தி, அதன் மறைவில்தான் உருட்டுவாள். யாரும் எட்டிப்பார்க்க முடியாது. எட்டிப்பார்த்தாலும் பயமில்லை, பகடையை ஒருநாளும் அவள் மாற்றிச் சொன்னதில்லை.

அம்மா விஷயத்தில் இரண்டு பக்கமும் ஆபத்து. சட்டென்று தோற்றால், "எனக்கு எதுக்கு இதெல்லாம்," என்று போய்விடுவாள். விட்டுக்கொடுத்தது தெரிந்தாலோ அதைவிட மோசம். பஸ்ஸில் யாராவது எழுந்து இடம் கொடுத்தால்கூட உட்காராத பிறவி அவள்.

"உக்காரும்மா, இனிமேதான் இருக்கு," என்று சொல்லி, குகைக்குள்ளிருந்து செத்தவனின் தாயைக் கிளப்பிவிட்டாள் சின்னவள். மகனைப்போல் இரண்டு மடங்கு பலசாலி.

"பாவம், பிள்ளையப் பறிகொடுத்தவ," என்றாள் அம்மா. ஆனாலும் உட்கார்ந்தாள்.

இரண்டு மடங்கு கொஞ்சம் ஓவராகிவிட்டது. அக்காவின் மந்திரக்காரி முதல் அடியிலேயே போய்ச் சேர்ந்தாள். அக்காவின் கணவர், டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் மாமா. ராட்சசனைத் தீர்த்துக்கட்டியது அவருடைய வில்லாளிதான். அவனும் ராட்சசியைக் குற்றுயிராக்கிவிட்டு விழுந்தான். இன்னும் ஒரே ஒரு அடி, ராட்சசி காலி. அதை அடிக்க மிஞ்சியது அம்மாவின் வாள்காரி மட்டும். அவளோ இரண்டாவது அடியிலேயே விழுந்துவிடுவாள்.

தடுப்புக்குப் பின்னால் சின்னவள் தன் எலுமிச்சை அளவுப் பகடையை உருட்டினாள். பதினேழு.

"ஏழு," என்றாள். "ராட்சசிக்குக் குறி தப்பிடுச்சு."

சொன்ன நாக்கு கூசியது.

அம்மா ஒரு தட்டில் உருட்டினாள். அவளுக்கு வெள்ளெழுத்து. தெருமுனையில் திரும்பும் பஸ்ஸின் நம்பரைப் படித்துவிடுவாள், கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது தெரியாது. தட்டோடு ஜன்னலுக்குப் போய், கையை நீட்டி, தலையைப் பின்னுக்கு இழுத்துப் படித்துவிட்டு வந்தாள்.

"எட்டு."

அம்மாவுக்கும் குறி தப்பியது. அடுத்த முறை ராட்சசிக்குப் பதினைந்து விழுந்தது. சின்னவள் ஐந்து என்றாள். அம்மா ஜன்னலுக்குப் போய்விட்டு வந்து ஆறு என்றாள்.

இப்படியே போனால் ஆகாது என்று, ராட்சசி ஓங்கிய மரம் இரண்டாக முறிந்துவிட்டதாகவும் அவள் இப்போது வெறுங்கையோடு நிற்பதாகவும் அறிவித்தாள் சின்னவள்.

"அப்படின்னா நானும் வாளைக் கீழ போட்டுட்டேன்," என்றாள் அம்மா.

அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். வெறுங்கைச் சண்டைக்குப் பத்து போதாது, பதினைந்துக்கு மேல் விழவேண்டும். அது சின்னவளே போட்ட விதி.

மாமாவுக்கு ஒரு பழக்கம் உண்டு. சந்தேகம் வந்தால் எங்கே உட்கார்ந்திருந்தாலும் பிரேக் இருப்பதாக நினைத்து வலது கால் தரையை மிதிக்கும். மேசைக்கடியில் மிதித்தது.

"எங்களை அடிக்கறப்போ ராட்சசிக்குக் கண்ணு நல்லாத் தெரிஞ்சுது. அத்தைகிட்ட வந்ததும் மங்கிடுச்சா?"

அம்மா சின்னவளின் தோளுக்கு மேலாக எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் யாருக்கும் விட்டுக்குடுக்கறவ இல்ல மாமா," என்றாள் சின்னவள். "எனக்கு யாரு விட்டுக்குடுத்தாங்க? விட்டுக்குடுத்தேன்னு தெரிஞ்சா இன்னியோட இந்த ஆட்டத்தையே மூட்டை கட்டிடறேன்."

வாய்விட்டுச் சொன்ன பிறகு எப்படிப் பொய் சொல்வது? உருட்டினாள். பதினாறு. கண்ணை மூடிக்கொண்டு, பதினாறு என்றே சொன்னாள். அம்மாவின் வாள்காரிக்கு அடி விழுந்தது. இன்னும் ஒன்று விழுந்தால் கதை முடிந்தது.

அம்மா எழுந்து போய்விடுவாள் என்று சின்னவள் காத்திருந்தாள். அம்மாவோ வளையலைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். முகத்தில் அப்படி ஒரு தெளிவு. உருட்டினாள். இந்த முறை ஜன்னலுக்குப் போகவில்லை, தட்டை மேசையின் நடுவே தள்ளினாள்.

"நீங்களே பாத்துச் சொல்லுங்க மாப்பிள்ளை."

மாமா குனிந்து பார்த்தார். பிரேக்கிலிருந்து காலை எடுத்தார்.

"பத்தொன்பது."

ராட்சசி சாய்ந்தாள். அக்கா கைதட்டினாள். மாமா சின்னவளிடம், தான் சொன்னதை மனசில் வைத்துக்கொள்ள வேண்டாம் என்றும், இவ்வளவு சமமான சண்டையைத் தான் பார்த்ததே இல்லை என்றும் சொன்னார். சின்னவளுக்குத் தலை கூரையில் முட்டியது. நூல் பிடித்தாற்போல் வந்துவிட்டதே. நடுவில் இரண்டு பொய், அது யாருக்குத் தெரியப்போகிறது?

அம்மா பீரோவின் முன்னால் நின்று கடைக்குப் போகத் தலையைச் சரிசெய்துகொண்டிருந்தாள். அவள் நிமிர்ந்து நின்ற நிற்பைப் பார்த்தால் ராட்சசியின் மகன்கூட ஒதுங்கி வழிவிட்டிருப்பான். மற்ற இருவரும் வெளியே போகும்வரை காத்திருந்து, கண்ணாடியில் தெரிந்த மகளிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்:

"அடுத்த வாரம் நாற்காலியை வேற பக்கம் போட்டுக்கடி, இந்தக் கண்ணாடியில உன் பகடை பளிச்சுன்னு தெரியுது, நீ பத்து குறைச்சுச் சொல்றப்பல்லாம் நானும் பத்து குறைச்சுச் சொல்லவேண்டியதாப் போச்சு."